எழுவருள் ஒருவராக

 

ஒருவன் குற்றவாளியா, அல்லனா என்று தீர்த்துச் சொல்லும் அதிகாரம் மிகப் பெரிய அதிகாரமாகும். அதனைத் தீர விசாரியாமல் கையாண்ட பாண்டிய மன்னனின் கதையைச் சிலப்பதிகாரத்தின்வழி நாம் யாவரும் அறிவோம். பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை நம்பிக் கோவலனுக்குக் கொலைத் தண்டனை விதித்தான். உண்மை வெளிப்பட்ட அக்கணமே அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர் துறந்தான். கூத்து மேடையிலும் திரைப்படத்திலும் இக்கதையைக் காணும்பொழுதெல்லாம் மன்னனை நாம் குறை கூறுகிறோம். ஆனால், அவ்வதிகாரம் ஒரு நாள் நம் கைக்கே வந்து சேருமானால் நாம் எவ்வாறு நடந்துகொள்வோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்நாட்டில் பல்லாண்டுக் காலம் அவ்வதிகாரம் சாதாரணக் குடிமக்களின் கைக்கு வந்ததுண்டு. கடைக்காரர், எழுத்தர், தொழில்நுட்பர் போன்றோர் எழுவர் ஒன்றாக அமர்ந்து, கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவர் வாழ்வதா மாள்வதா என்பதைத் தீர்மானித்தனர். அதற்கு ஜூரி முறை என்று பெயர். 1980-களில் வட மாநிலமொன்றின் உயர் நீதிமன்றத்தில் அவ்வாறு அமர்ந்த எழுவருள் ஒருவராக இருந்து பெற்ற அனுபவத்தையும், அதிலிருந்து நம் தோட்டத்து மக்கள் கொள்ளத்தக்க பாடத்தையும் எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

வழக்கின் பெயரையும் சம்பந்தப்பட்டோரின் பெயரையும் இங்கே கூறப்போவதில்லை. ஆலோசனை அறைக்குள் இன்னார் இன்னது சொன்னார் என்பதை வெளியிடுவதும் முறையன்று. திறந்த மன்றத்தில் ஊரறிய நடந்தவற்றை மட்டுமே கூறுவோம்.

ஜூரி முறை வந்த வரலாறு

ஆங்கிலேயரின் வழக்கமாகிய ஜூரி முறை, அவர்களுடைய ஆட்சியோடு இங்கு வந்தது. பினாங்கில் 1807-ஆம் ஆண்டின் அரச சாசனத்தின்படி நீதிமன்றம் நிறுவப்பட்டது. 1826-ஆம் ஆண்டில் அதன் அதிகாரம் மலாக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் விரிந்தது. மலாய் மாநிலங்களிலோ நெடுங்காலம் வேறு முறை இருந்தது. அங்கு நீதிபதியுடன் 'அசெசர்' எனப்படும் துணைவர் இருவர் அமர்ந்து தம் அபிப்பிராயத்தைக் கூறுவர். ஆயினும், அது நீதிபதியைக் கட்டுப்படுத்தாது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அவசரகாலத்தின்போது, 1952-ஆம் ஆண்டில், லீ மெங் என்னும் பெண்மணி ஈப்போவில் விசாரிக்கப்பட்டார். முதல் விசாரணையில் துணைவர் இருவரும் 'குற்றவாளி அல்லர்' என்றனர். நீதிபதி அதனை ஏற்காமல் மறு விசாரணைக்கு உத்தரவிட்டார். இரண்டாம் விசாரணையில் துணைவர் இருவரும் வெவ்வேறு முடிவு கூறினர். நீதிபதி 'குற்றவாளி' என்றவரின் பக்கம் நின்றார். மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர், 1953-இல் பேராக் சுல்தான் அத்தண்டனையைக் குறைத்து அவருடைய உயிரைக் காத்தார். துணைவரின் சொல் ஆலோசனையாக மட்டுமே இருந்தது என்பதை அவ்வழக்கு காட்டிற்று.

ஜூரியின் சொல் அத்தகையதன்று. மலேசியாவில் ஜூரி எழுவர் கொண்டது. எழுவரும் ஒன்றுபட்டோ, குறைந்தது ஐவர் ஒரு பக்கம் நின்றோ கூறுவதே முடிவாகும். சட்டம் இன்னதென்று நீதிபதி விளக்குவார். நடந்தது இன்னதென்று ஜூரர்களே தீர்மானிப்பர். இதுவே அம்முறையின் சாரம்.

அழைப்பாணை வந்தது

ஜூரர் பட்டியலில் இடம்பெறுவோர் நீதிமன்றத்தில் வழங்கும் மொழியை அறிந்திருத்தல் வேண்டும். ஆகவே, பால்மரம் வெட்டும் தொழிலாளர்கள் அதில் இடம்பெறுவது அரிதாகவே இருந்தது. எங்கள் எழுவருள் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, தோட்ட அலுவலகத்திலேயே கிராணி வேலை பார்த்தவர், இப்பொழுது உங்கள்முன் பேசுபவர் மட்டுமே. ஏனையோர் பட்டணத்தார். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என மூவினத்தாரும் இருந்தனர். அதற்கு முன் ஒருவரையொருவர் நாங்கள் பார்த்ததில்லை.

அழைக்கப்பட்டோர் பலர். பெயர்கள் எழுதப்பட்ட சீட்டுகளைப் பெட்டியிலிட்டுக் குலுக்கி எடுத்தனர். பெயர் அழைக்கப்பட்டவர் எழுந்து முன்னே செல்வார். குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு ஆட்சேபித்தால் அவர் திரும்பிச் சென்றுவிடலாம். அரசுத் தரப்புக்கும் ஆட்சேபிக்கும் உரிமை உண்டு. இவ்வாறு எழுவர் எஞ்சினோம். எங்களுள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்து, உண்மையான முடிவு கூறுவோம் என்று தனித்தனியே சத்தியப் பிரமாணம் செய்தோம். சத்தியம் செய்து அமர்ந்தபின்னரே எதிரே கூண்டிலிருந்த இளைஞரை நேராகப் பார்த்தோம். வயது இருபத்தைந்துக்கு மேலிராது. சலவை செய்த வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார். அச்சட்டை அவருக்குச் சற்றுப் பெரிதாயிருந்தது.

குற்றச்சாட்டு, தண்டனைச் சட்டம் 302-ஆம் பிரிவின் கீழ்க் கொலை. அந்நாளில் அப்பிரிவுக்கு மரணம் ஒன்றே தண்டனை. நாங்கள் 'குற்றவாளி' என்றால் நீதிபதி விரும்பினாலும் வேறு தண்டனை விதிக்க இயலாது. இதனை யாரும் எங்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

நான்கு நிரை

இறந்தவர் ஒரு தோட்டத் தொழிலாளி. பொழுது விடியுமுன் தோட்டத்துப் பாதையில் வெட்டுண்டு கிடந்தார். சில நாள்களுக்கு முன் கோவில் திருவிழாவில் அவருக்கும் அவ்விளைஞருக்கும் வாய்ச்சண்டை நிகழ்ந்தது உண்மை. கால்வாயில் பாராங் கத்தி ஒன்று கண்டெடுக்கப்பட்டதும் உண்மை. ஆனால், அது யாருடையதென்று உறுதிப்படவில்லை. ஆகவே, வழக்கு முழுவதும் ஒரே ஒரு சாட்சியின் சொல்லையே நம்பி நின்றது. அச்சாட்சி பால்மரம் வெட்டும் தொழிலாளி ஒருவர். இறந்தவருக்குப் பங்காளி முறை.

அவர் தமிழில் சாட்சியம் அளித்தார். பெரட்டு முடிந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரங்களில் மங்குகளைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தபொழுது, அவ்விளைஞர் "நாலு நிரை தள்ளி" விரைந்து போவதைக் கண்டதாகக் கூறினார். மொழிபெயர்ப்பாளர் அதனை ஆங்கிலத்தில் 'நான்கு லைன்' என்றார். நிரை என்பதற்கு அச்சொல்லைச் சொன்னதில் குற்றமில்லை. ஆனால், தோட்டத்தைப் பற்றி அரைகுறையாகக் கேள்விப்பட்டவர்கள், 'லைன்' என்றால் தொழிலாளர் குடியிருக்கும் லயம் என்றே கொள்வர். தோட்டமே அறியாதவர்களுக்கோ அச்சொல் எதனையும் உணர்த்தாது. நான்கு கோடுகளா? நான்கு வீட்டு வரிசைகளா? எட்டிப் பிடிக்கும் தூரமா? கூவினால் கேட்கும் தூரமா? வழக்கறிஞர்கள் அடுத்த கேள்விக்குச் சென்றுவிட்டனர்.

தோட்டத்தில் வளர்ந்தவருக்கு நிரை இன்னதென்று தெரியும். ஆயினும், ஜூரர் தம் சொந்த அறிவை மற்ற அறுவரிடமும் சாட்சியமாகக் கூறிவிடலாகாது. மன்றத்தில் சத்தியத்தின்மீது வந்த சாட்சியத்தைக் கொண்டே முடிவு செய்தல் வேண்டும். ஆனால், ஜூரர் நீதிபதியின் அனுமதியோடு சாட்சியைக் கேள்வி கேட்பதற்குச் சாட்சியச் சட்டம் இடம் தந்தது. ஆகவே, ஒரு தாளில் கேள்வியை எழுதி, எங்கள் தலைவர்வழி நீதிபதியிடம் அனுப்பினோம்: "நிரை என்பது யாது? ஒரு நிரைக்கும் அடுத்த நிரைக்கும் எவ்வளவு தூரம்?"

நீதிபதி அதனைப் படித்துவிட்டுச் சாட்சியை நோக்கிக் கேட்டார். சாட்சி சற்றே யோசித்துக் கூறினார்: "மரத்து வரிசைங்க ஐயா. ஒரு நிரைக்கும் இன்னொரு நிரைக்கும் இருபதடி இருக்கும். நடுவுல புல்லு மண்டிக் கெடந்துச்சு."

நான்கு நிரை என்பது எண்பதடியாயிற்று. மன்றத்தின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை பார்த்தோம். அது எண்பதடிகூட இராது. இருள் நீங்காத வேளை, நெற்றி விளக்கின் சிறு வெளிச்சம், இடையே மரங்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உடனே எழுந்தார். "முகத்தைப் பார்த்தீரா?" என்று கேட்டார்.

மன்றம் அமைதியாயிற்று. இறந்தவரின் தாயார் பின்வரிசையில் அமர்ந்திருந்தார். உறவினர் பலரும் வந்திருந்தனர். 'பார்த்தேன்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், சாட்சியை ஊரார் எவரும் குறை சொல்லியிரார். அவர் தலையைக் குனிந்து நின்றார். பின்னர் கூறினார்: "மொகத்த முழுசா பாக்கலீங்க. நடைய பாத்துத்தான் இன்னாருன்னு நெனச்சேன்."

சந்தேகத்தின் பலன்

சாட்சிகள் யாவரும் பேசி முடித்தபின், நீதிபதி எங்களை நோக்கி நெடுநேரம் உரையாற்றினார். அவர் வலியுறுத்தியவை பலவற்றுள் மூன்று மறக்க இயலாதவை. குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு முழுவதும் அரசுத் தரப்பினுடையது. குற்றம் சாட்டப்பட்டவர் தாம் நிரபராதி என்று நிரூபிக்க வேண்டியதில்லை. வெறும் ஊகம் எத்துணை வலிமையுடையதாயினும் சான்று ஆகாது. நியாயமான சந்தேகம் இருக்குமாயின் அதன் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே சேரவேண்டும்.

கேட்பதற்கு இவை எளியவை. ஆனால், எழுவரும் ஓர் அறைக்குள் சென்று, வெளியே காவலர் நிற்கக் கதவு சாத்தப்பட்டபின், அவற்றைக் கடைப்பிடிப்பது எளிதன்று. ஒரு பக்கம் மாண்டுபோன ஒரு மனிதர். இன்னொரு பக்கம் கூண்டிலிருக்கும் ஒரு மனிதர். இவர்தாம் செய்திருப்பார் என்று மனம் சொல்லலாம். ஆனால், 'செய்திருப்பார்' என்பதும் 'செய்தார்' என்பதும் ஒன்றல்ல. அவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள தூரம் ஓர் உயிரின் விலை என்பதை அன்று உணர்ந்தோம். தேநீர் வந்தது, ஆறியது, ஒருவரும் தொடவில்லை. சாட்சியங்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினோம். நான்கு மணி நேரத்திற்குப்பின் மன்றத்திற்குத் திரும்பினோம்.

"அறுவருக்கு ஒருவர் என்னும் பெரும்பான்மையில், குற்றவாளி அல்லர்" என்று எங்கள் தலைவர் எழுந்து கூறினார். இளைஞர் விடுவிக்கப்பட்டார். நீதிபதி எங்களுக்கு நன்றி கூறி அனுப்பினார்.

நீதிமன்றப் படிகளில் இறந்தவரின் தாயார் நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் சினந்து பேசவில்லை. "எம்மவன வெட்டுனது யாருன்னு சொல்லாமயே போறீங்களே ஐயா" என்று மட்டும் கேட்டார். எங்களிடம் மறுமொழி இல்லை. கொன்றவர் யாரென்று கண்டுபிடிப்பது எங்கள் வேலையன்று. காட்டப்பட்ட சான்று போதுமா என்று பார்ப்பதே எங்கள் வேலை. இது சட்டம். ஆயினும், பெற்ற வயிற்றுக்கு இவ்விளக்கம் ஆறுதலாகாது. இன்றுவரை அவ்வினாவுக்கு விடை எங்களுக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லி ஓர் உயிரைப் போக்கவில்லை என்பது மட்டுமே தெரியும்.

ஜூரி முறை நீங்கியது

ஜூரி முறை இன்று இந்நாட்டில் இல்லை. சிங்கப்பூர் 1960-இல் அதனை மரண தண்டனைக்குரிய வழக்குகளோடு நிறுத்திக்கொண்டு, 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தால் முற்றிலும் நீக்கியது. புகழ்பெற்ற வழக்கறிஞர் டேவிட் மார்ஷல் அதனை எதிர்த்து வாதாடினார். மலேசியாவில் 1995-ஆம் ஆண்டு ஜூரி முறை ஒழிக்கப்பட்டது. அவ்வாண்டில் தெமர்லோ உயர் நீதிமன்றத்தில் எழுவர் ஜூரி முடிவு கூறிய மோனா பெண்டி வழக்கு, இந்நாட்டின் கடைசி ஜூரி விசாரணைகளுள் ஒன்றாகும்.

ஜூரர்கள் உணர்ச்சிக்கும் வழக்கறிஞர்களின் நாவன்மைக்கும் வயப்படக்கூடும் என்றும், பயிற்சி பெற்ற நீதிபதி காரணங்களை எழுத்தில் தந்தே தீர்ப்பளிப்பார் என்றும் நீக்கியவர்கள் கூறினர். மக்களின் வாழ்க்கையை மக்களே அறிவர் என்று ஆதரித்தவர்கள் கூறினர். இரு கூற்றிலும் நியாயம் உண்டு. இப்பொழுது நீதிபதியே சான்றையும் சீர்தூக்கி முடிவு செய்கிறார். சட்டமும் மாறியுள்ளது. 2023-ஆம் ஆண்டு ஜூலை முதல், கொலைக்கு மரண தண்டனை கட்டாயம் என்னும் நிலை நீங்கி, மரண தண்டனையோ, பிரம்படியோடு 30 முதல் 40 ஆண்டுவரை சிறையோ விதிக்க நீதிபதிக்கு அதிகாரம் வழங்கப்பட்டிருக்கிறது.

இன்று நம் கடமை

அங்ஙனமாயின், ஜூரியே இல்லாத காலத்தில் இவ்வனுபவத்தை எடுத்துரைப்பதன் பயன் யாது என்று கேட்கலாம். ஜூரி நீங்கினும் சாட்சி நீங்கவில்லை. ஒரு வழக்கின் உயிர் இன்றும் சாட்சியின் நாவிலேயே இருக்கிறது. நம்மில் எவரும் எந்நாளும் சாட்சியாக அழைக்கப்படலாம். ஆகவே, சிலவற்றை மனத்தில் கொள்வோம்.

முதலாவதாக, நன்கு அறிந்த மொழியிலேயே பேசுதல் வேண்டும். மலாயோ ஆங்கிலமோ தட்டுத்தடுமாறிப் பேசுவதைவிடத் தெளிந்த தமிழில் பேசுவது மேல், மொழிபெயர்ப்பாளரைக் கோரலாம். தோட்டத்துக்கே உரிய சொற்கள் மன்றத்திலுள்ளோர்க்கு விளங்கவில்லை என்று தோன்றினால், நிரை என்றால் என்ன, பெரட்டு எத்தனை மணிக்கு, ஒட்டுப்பால் எது என்று விளக்கிக் கூறத் தயங்கலாகாது.

இரண்டாவதாக, கண்டது வேறு, கேட்டது வேறு, எண்ணியது வேறு. கண்டதைக் கண்டதாகவும், எண்ணியதை எண்ணியதாகவும் பிரித்துச் சொல்லுதல் வேண்டும். தெரியாததைத் தெரியாது என்பது இழிவன்று. அன்று அத்தொழிலாளி தம் சொந்தப் பங்காளியின் வழக்கில் அவ்வாறு நின்றார். படிப்பு மிகுதியாக இல்லாத அவரே அன்று மன்றத்தில் இருந்தோர் அனைவரினும் உயர்ந்து நின்றார் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

மூன்றாவதாக, நம் பிள்ளைகளுள் ஒருவர் கைது செய்யப்பட்டால் கலங்கி நிற்றலும், தரகரை நாடி ஓடுதலும் வேண்டா. கைதுக்குரிய காரணத்தை அறியவும், தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளவும் அரசியலமைப்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு உரிமை தருகிறது. இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட்டின்முன் நிறுத்தப்படுதல் வேண்டும். பொருள் வசதியற்ற குடிமக்களுக்கு உதவத் தேசியச் சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது.

நான்காவதாக, நம் லயங்களிலும் நாள்தோறும் ஒரு ஜூரி கூடுகிறது. ஒட்டுப்பால் காணாமற்போனால், 'இன்னார்தாம் எடுத்திருப்பார்' என்று குழாயடியில் தீர்ப்புப் பிறந்துவிடுகிறது. அதற்குச் சத்தியப் பிரமாணமும் இல்லை, எதிர்வாதமும் இல்லை, மேல்முறையீடும் இல்லை. ஆனால், தண்டனை மட்டும் உண்டு. அக்குடும்பத்தின் பெண்ணுக்கு வரன் தள்ளிப்போகிறது. அப்பிள்ளையோடு பிற பிள்ளைகள் விளையாட மறுக்கின்றனர். அத்தகைய வேளையில் ஒருவராவது எழுந்து, "நீர் கண்டீரா? எவ்வளவு தூரத்திலிருந்து கண்டீர்?" என்று கேட்பாராயின், அவரே அத்தோட்டத்தின் நல்ல ஜூரர்.

நீதி நகரத்து நெடிய கட்டடங்களில் மட்டுமே வாழ்வதன்று. அறிந்ததை அஞ்சாமல் சொல்லி, அறியாததை அறியோம் என்று ஒப்புக்கொள்ளும் மக்கள் உள்ள இடமெல்லாம் அது வாழும். நம் தோட்டங்களும் அத்தகைய இடங்களாகத் திகழ்வனவாக!